சாவி தரகர் கையில் வேண்டாம்

கேள்வி: படாளத்தில் எங்கள் வீட்டை விற்கிறோம். மதியம் அம்மா தூங்குவார், போன் பண்ணிவிட்டு வாருங்கள் என்றேன். தரகர் கேட்பதே இல்லை. செருப்போடு பூஜை அறை வரை ஆட்களைக் கூட்டி வருகிறார்.

பதில்: முதலில் சாவியைத் திரும்ப வாங்குங்கள். உங்கள் கோபம் முழுக்க நியாயம். முகவர் உரிமையாளர் சொன்னபடிதான் நடக்க வேண்டும், மீறி நஷ்டம் வந்தால் ஈடுகட்ட வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 211. வாய்ச்சொல்லும் செல்லும், நிரூபிக்கத்தான் எழுத்து வேண்டும். இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: “முந்தின நாளே சொல்லுங்கள். மாலை 4 மணிக்கு மேல்தான். நான் இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது.” ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்கு ஓடாதீர்கள், அது பதிவுக்குரிய மனை, அடுக்குமாடித் திட்டங்களுக்கானது, உங்கள் பழைய வீட்டுக்கு உதவாது. மறுபடி மீறினால், தயங்காமல் தரகரை மாற்றுங்கள்.