மாடத்தை விட்டு வந்த நிழல்கள்

நுழையும்முன்

ஓவியத்திற்குக் கலைக்கூடம் வீடு; நாடகத்திற்கு அரங்கம் வீடு. அவ்வீட்டின் கதவு அடைபட்டால் கலை என்னவாகும்? பெருநகரங்களில் கடைத்தெருவை நோக்கி அமைந்திருந்த ஓவியக்கூடங்கள் சில, வாடகை கட்டுபடியாகாமல் கதவை மூடிவிட்டு, இணையவழியாகவும் தற்காலிகக் கண்காட்சிகள் வழியாகவும் தம் பணியைத் தொடர்கின்றன. பாலக்காட்டுப் பகுதியின் பழங்கலை ஒன்று இந்நிலையை முன்னரே எதிர்கொண்டது. அதன் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

கூத்துமாடம்

பாரதப்புழை பாயும் ஊர்களிலுள்ள பகவதி கோயில்கள் பலவற்றில், சன்னதிக்கு எதிரே நீண்ட கட்டடம் ஒன்று நிற்கக் காணலாம். அதுவே கூத்துமாடம். ஏறத்தாழ 42 அடி நீளமுடையது. அறுவடை முடிந்தபின், தை முதல் வைகாசி வரையுள்ள திருவிழாக் காலத்தில் இங்குத் தோற்பாவைக்கூத்து நிகழும். மாடத்தின் முன்புறத்தில் திரை கட்டுவர். திரையின் மேற்பகுதி வெள்ளைத் துணி; கீழ்ப்பகுதி கறுப்புத் துணி. திரைக்குப் பின்னே 21 விளக்குகள் வரிசையாக எரியும். மான்தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகளின் நிழல் அவ்வொளியில் திரைமேல் விழும். கோயில் வழக்கிற்கேற்ப 7, 14, 21 எனப் பல இரவுகள் கூத்து நீளும். காவளப்பாறை ஆரியங்காவு இக்கூத்திற்குப் பெயர் பெற்ற கோயில்களுள் ஒன்று.

மாணவர்களே, இங்கே நாம் சிறப்பாக நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலையாளம் வழங்கும் இம்மண்ணில் ஆடப்படும் இக்கூத்தின் உயிர்நாடி, கம்பராமாயணத் தமிழ்ப் பாடல்களே. ஆடுவோர் பாடலைத் தமிழில் பாடி, அதன் பொருளை மலையாளமும் வடமொழியும் கலந்து விரித்துரைப்பர். அவர்களைப் 'புலவர்' என்றே மக்கள் அழைக்கின்றனர். சித்தூரிலும் தேவிகுளத்திலும் வீட்டில் தமிழ் பேசி வளரும் நமக்கு, கம்பனின் தமிழை மலையாள நாட்டில் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து காத்தோர் உளர் என்பது பெருமைக்குரிய செய்தி அன்றோ?

கேட்போர் இல்லா இரவுகள்

இராவணனோடு இராமன் போர் புரிந்த காலத்தில், பத்ரகாளி தாரகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். ஆதலால் இராமனின் போரைக் காண இயலவில்லை. அக்குறை நீங்கவே அவள்முன் இக்கூத்து ஆடப்படுகிறது என்பது மரபு. ஆகவே களத்தில் மக்கள் ஒருவரும் இல்லாவிடினும் கூத்து நிற்பதில்லை. அம்மன் கேட்கிறாள் என்னும் நம்பிக்கையோடு புலவர்கள் விடியும்வரை பாடினர். ஒருவர் வினவ மற்றவர் விடை கூறினார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை ஆராய்ந்துள்ளார். கேட்போர் இல்லாத மாடத்தினுள், புலவர்களே ஒருவருக்கொருவர் கேட்போராக விளங்கினர்.

நம்பிக்கை கூத்தை நிறுத்தவில்லை. ஆயினும் இரவு முழுதும் கண்விழித்துப் பாடுவோர்க்குக் கிடைத்த ஊதியம் சிறிது. ஆயிரக்கணக்கான பாடல்களைக் கற்க இளையோர் தயங்கினர்.

மாடத்திற்கு வெளியே

ஷொரணூருக்கு அருகிலுள்ள கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் ஒரு வழி கண்டார். கோயிலுக்கு வெளியே, எங்கும் கொண்டு செல்லத்தக்க மேடையில், ஓரிரு மணி நேரத்திற்குள் கதையைச் சுருக்கி ஆடினார். 1980ஆம் ஆண்டிற்குரிய சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. அவர் மகன் இராமச்சந்திர புலவர் காந்தியடிகளின் வாழ்வு போன்ற புதிய கதைகளையும் பாவைகளாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மாடத்தினுள் பெண்கள் ஆடும் வழக்கம் இருந்ததில்லை. வெளிமேடையோ அவர்களுக்கும் இடம் தந்தது. இராமச்சந்திர புலவரின் மகள் ரஜிதா, பெண்களே ஆடும் குழுவை அமைத்தார். பாவையை ஆட்டும் எந்திரக் கைகளும் அண்மையில் சோதித்துப் பார்க்கப்பட்டன.

இம்மாற்றத்தால் இழப்பும் உண்டு. 21 இரவுகளின் கதை ஒரு மணி நேரத்தில் அடங்கும்போது முதலில் குறைவது பாடலும் அதன் பொருள்விரிவுமே. நிழலைக் கண்டு மகிழ்வோர் பலர்; பாடலின் நயம் அறிந்து மகிழ்வோர் சிலர். எனினும், மாடத்திலும் கூத்து இன்றுவரை ஆடப்படுகிறது. வெளிமேடையில் கிடைக்கும் பெயரும் பொருளும் மாடத்துப் புலவரைத் தாங்கி நிற்கின்றன. பாவையை ஆட்ட எந்திரம் உதவலாம். பாடலின் பொருளை உணர்ந்து சொல்ல, தமிழ் கற்ற ஒருவரே வேண்டும். அவர் இனி எங்கிருந்து வருவார் என்பதே இக்கலையின் முன் நிற்கும் வினா.

சொல்லும் பொருளும்

மனனம் – நெஞ்சில் பதித்தல்
நயம் – இனிமை, அழகு
வினவுதல் – கேட்டல்

பயிற்சி

1. திரையின் அமைப்பையும் விளக்கொளியின் பயனையும் விளக்குக.
2. களத்தில் மக்கள் இல்லாதபோதும் கூத்து நிகழ்ந்தது ஏன்?
3. பிரித்து எழுதுக: தோற்பாவை, விளக்கொளி.
4. 'கூத்தைச் சுருக்கியது சரியே' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் உரையாடுக.
5. உங்கள் ஊரில் இடம் மாறியோ வடிவம் மாறியோ வாழும் கலை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.