பல்லுக்குள் ஒரு நாசில்: விஷம் துப்பும் நாகம்

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் நாசில் பார்த்திருப்பீங்க. அதே ஐடியாவை ஒரு பாம்பு தன் பல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது என்றால் நம்புவீங்களா? துப்பும் நாகங்களில் பல இனங்கள் உண்டு. இங்கே நாம பார்க்கப் போவது மொசாம்பிக் துப்பும் நாகம்.

எங்கே இருக்கும்?

தான்சானியாவில் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் வரை இது பரவியிருக்கிறது. நீளம் சுமார் 1 மீட்டர், பெரியது 1.5 மீட்டர் வரை வளரும். மேல்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு. அடிப்பக்கம் இளஞ்சிவப்பு, கழுத்தில் கருப்புப் பட்டைகள். கரையான் புற்று, மரப்பொந்து எல்லாம் இதற்கு வீடு. தவளை, எலி, பல்லி, மற்ற பாம்புகள்னு கிடைப்பதைச் சாப்பிடும். வளர்ந்த பாம்புகள் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும்.

எப்படித் துப்புது?

முதலில் ஒன்று: இது எச்சில் துப்புவது போல இல்லை. உதட்டுக்கோ மூச்சுக்கோ இதில் வேலை கிடையாது. தாடைத் தசை விஷப்பையை அழுத்தும். விஷம் பல்லுக்குள் இருக்கும் குழாய் வழியாகப் பாயும். சாதாரண நாகத்துக்குப் பல் நுனி அருகே துளை நீளமாக, கீழ்நோக்கி இருக்கும். இதற்கோ துளை சிறியது, வட்டமானது, முன்பக்கம் பார்த்தது. குறுக்குப் பரப்பு குறைந்தால் வேகம் கூடும், நீங்க படித்த அதே கன்டின்யூட்டி சமன்பாடுதான். அதனால் விஷம் 2 மீட்டருக்கு மேல் பாயும்.

குறி எப்போதும் கண். ஆய்வுகளில் மனித முகம் அசைந்தபோது பாம்பு துப்பியது, கையை மட்டும் அசைத்தபோது துப்பவில்லை. துப்பும்போது தலையை வேகமாக ஆட்டுவதால் விஷம் ஒரு புள்ளியில் விழாமல் பரவி விழுகிறது. ஒரு கண்ணிலாவது படட்டும் என்கிற கணக்கு!

இது வேட்டைக்கு இல்லை

இரையைப் பிடிக்க இது கடிக்கத்தான் செய்யும். துப்புவது தற்காப்புக்கு மட்டும். 2021-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆப்பிரிக்க நாகங்கள், ஆசிய நாகங்கள், ரிங்கால்ஸ் என்ற பாம்பு ஆகிய மூன்றிலும் இந்தப் பழக்கம் தனித்தனியே தோன்றியது. மூன்றின் விஷத்திலும் வலியைக் கூட்டும் புரதக் கலவை இருப்பதும் தெரிந்தது. எதிரியைக் கொல்வதை விட, வலியால் விரட்டுவதுதான் நோக்கம். நம்ம ஊர் நல்ல பாம்புக்கு இந்த முன்பக்கத் துளை அமைப்பு இல்லை.

கண்ணில் பட்டால் என்ன செய்யணும்?

இதுதான் முக்கியம், நல்லா கவனிங்க. முழுத் தோலில் பட்டால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, கழுவினால் போதும். கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் கழுவணும். தண்ணீர் இல்லையென்றால் பால் போன்ற தீங்கில்லாத திரவமும் உதவும். கண்ணைத் தேய்க்கவே கூடாது. கழுவி முடித்ததும் மருத்துவரிடம் போகணும். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம்.

கடி வேறு விஷயம். இதன் விஷம் சதையை அழித்துவிடும், காயம் ஆற மாதக்கணக்காகும். எலியைத் தேடி இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குபவர்களைக் கடித்த சம்பவங்கள் தென்னாப்பிரிக்காவில் நிறைய. கட்டில், நன்றாகச் செருகிய கொசுவலை, எலி இல்லாத வீடு: இந்த மூன்றும் அங்கே உயிர் காக்கும் சாதனங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நாளைக்கே ஒரு ப்ராஜெக்ட் உங்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகலாம். அங்கே படமெடுத்த ஒரு நாகத்தைப் பார்த்தால், போட்டோ எடுக்க நெருங்காதீங்க. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகப் பின்வாங்குங்க. அதற்கு வேண்டியதும் அவ்வளவுதான்.