ஒலியும் காரணமும்: பிளக் மாற்றிய பின் எஞ்சினில் சத்தம் வந்தால்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அனைவரும் அறிவோம். அடுத்தடுத்து நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுள் முன்னது பின்னதற்குக் காரணமாக இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். காரின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிய மறுநாள் எஞ்சினில் புதிதாக ஓர் ஒலி கேட்டால் நம் மனம் இரண்டு பக்கமும் தாவும். சிலர் “பிளக்தான் கெட்டது” என்று மீண்டும் புதிது வாங்குவார்கள். சிலர் “பிளக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை, எஞ்சினே போய்விட்டது” என்று அஞ்சுவார்கள். இரண்டுமே ஆராயாமல் எடுக்கும் முடிவுகள்.

நான் இறுதியாண்டில் ஓட்டியது 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய புரோட்டோன் வீரா. விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் நானே நான்கு பிளக்குகளையும் மாற்றினேன். அன்று மாலை மெல்லிய ‘டிக் டிக்’ ஒலி கேட்டது. மறுநாள் அது தெளிவாகக் கேட்டது. மேட்டில் ஏறும்போது இன்னும் உரத்தது. அருகிலிருந்த பட்டறையில் காட்டினேன். “வால்வில் கோளாறு, எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும், 1,800 ரிங்கிட் ஆகும்” என்றார்கள். கல்விக் கடனில் படிப்பவனுக்கு அது ஒரு பருவத்தின் சாப்பாட்டுச் செலவு. முடிவெடுக்க ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

ஒலியை எண்ணுதல்

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கும் முடிய எஞ்சின் இரண்டு முறை சுழல வேண்டும். ஆகவே ஒரு சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழும். எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது, ஒரு சிலிண்டர் நிமிடத்திற்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 முறை வெடிக்கிறது. வால்வுகளை இயக்கும் தண்டும் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. எனவே பிளக்கின் ஓரம் வழியே காற்று கசிந்தாலும், ஒரு வால்வு தட்டினாலும், நம் காதுக்கு நொடிக்கு 7 ‘டிக்’தான் கேட்கும். பட்டறைக்காரர் வால்வு என்று நினைத்ததில் வியப்பில்லை. எஞ்சினின் அடித்தண்டு பேரிங் தட்டினாலோ, ஒவ்வொரு சுற்றிலும் ஒலிக்கக்கூடும். அந்த ஒலி கனமாக, ஆழத்திலிருந்து வரும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. ஒலியின் தன்மையையும் அது எப்போது கூடுகிறது, குறைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒலிகளின் வகை

1. கூர்மையான ‘டிக் டிக்’, பாரம் ஏறும்போது உரத்தல்: பிளக் இறுக்கமாக இல்லாமல் அழுத்தக் காற்று கசியலாம். வெளியேற்றக் குழாய் இணைப்பில் கசிவிருந்தாலும் இதே ஒலி வரும். ஆனால் எஞ்சின் சூடாகி உலோகம் விரிந்ததும் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

2. சொடுக்குப் போன்ற ‘சட் சட்’: பிளக்கின் வெண்பீங்கான் விரிசல் கண்டிருக்கலாம், அல்லது கம்பி முழுமையாக உட்காராமல் மின்பொறி வெளியே பாயலாம். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீலநிறப் பொறி தெரியும்.

3. ‘தட தட’ என்ற நடுக்கம்: ஒரு சிலிண்டர் வெடிக்கவில்லை. கம்பிகள் இடம்மாறியிருக்கலாம். இத்தகைய நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் வெடிப்பு வரிசை 1-3-4-2.

4. மேடேறும்போது சில்லறைக் காசு குலுங்குவது போன்ற ஒலி: எரிபொருள் தகாத நேரத்தில் எரிகிறது. புதிய பிளக்கின் வெப்ப எண் தவறாக இருக்கலாம். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. போஷில் எண் கூடினால் சூடானது. ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து மற்றொன்றை வாங்குவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

5. ‘ஸ்ஸ்’ என்ற சீறல்: வேலையின்போது கைபட்டு வெற்றிடக் குழாய் கழன்றிருக்கலாம்.

6. உலோகம் உலோகத்தில் மோதும் ஒலி: பிளக் துளை வழியே ஏதேனும் உள்ளே விழுந்திருக்கலாம். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். காரை இழுத்துச் செல்வதே நல்லது.

ஆராயும் முறை

எளிதானதையும் செலவில்லாததையும் முதலில் சோதிக்க வேண்டும். அதிலும் நாம் கடைசியாகக் கைவைத்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். எஞ்சினை முழுமையாக ஆறவிட்ட பிறகு, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளக்குகளின் இறுக்கத்தைப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினியத் தலையின் மரை கெட்டுவிடும்.

பிளக்குகள் சரியாக இருந்தால் அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின் மேலும் பிடியைக் காதருகிலும் வைத்துக் கேட்கலாம். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கை, முடி, உடை அருகில் போகக்கூடாது. ஓடும் எஞ்சினில் பிளக் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட்.

என் காரில் முதல் சோதனையிலேயே விடை கிடைத்தது. முதல் இரண்டும் நான்காவதும் அசையவில்லை. மூன்றாவது பிளக் விரலுக்கே சுழன்றது. அதன் அடியில் கரும்புகைக் கறை படிந்திருந்தது. கையால் திருகிவிட்டு, அந்த நேரத்தில் வந்த கைத்தொலைபேசி அழைப்பைப் பேசி முடித்ததும் நேராக நான்காவதற்குப் போயிருக்கிறேன்! இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பீங்கானில், உலோக விளிம்புக்குச் சற்று மேலே தெரியும் பழுப்பு வளையம் உயர்மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டுவதால் வருவது. அது கசிவுக்குச் சான்றன்று. இருக்கையில் படியும் கரிதான் சான்று.

மரையைத் துடைத்துப் பார்த்தேன், கெடவில்லை. இயந்திரப் பொறியியல் படிக்கும் நண்பரிடம் முறுக்குவிசை ஸ்பேனர் இரவல் வாங்கி, 25 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினேன். அக்கருவி இல்லாதவர்கள், வளையத்துடன் வரும் புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கை விரலால் முழுமையாகத் திருகிய பின், ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் மரை அறுந்துவிடும். எஞ்சினை முடுக்கினேன். ஒலி இல்லை.

இன்னும் சில நாள் அப்படியே ஓட்டியிருந்தால், தளர்ந்த பிளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பறந்திருக்கலாம். அப்போது தலையை உண்மையிலேயே கழற்ற வேண்டியிருக்கும்.

பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒலியைக் கேட்டார், “இதற்கு முன் என்ன செய்தாய்?” என்று கேட்கவில்லை. நானும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. தவறு இருவரிடமும் இருந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் நோய் இன்னதென அறிந்து, அதன் மூலத்தையும் தேடச் சொல்கிறார் வள்ளுவர். மருத்துவரிடம் மறைக்கும் நோயாளிக்கும் மெக்கானிக்கிடம் மறைக்கும் மாணவனுக்கும் வேறுபாடில்லை.

ஆகவே நண்பர்களே, காரில் புதிய ஒலி கேட்டால் ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: கடைசியாக என்ன செய்தோம், ஒலி எப்போது வருகிறது, எப்போது மாறுகிறது. அந்தத் தாளோடு பட்டறைக்குப் போங்கள். பனம்பழம் தானாக விழுந்ததா, காக்கை தள்ளியதா என்பது அப்போது தெரிந்துவிடும்.