பித்தளையின் பதம்

சோற்றுக்குப் பதம் உண்டு. பாகுக்குப் பதம் உண்டு. உலோகத்துக்கும் பதம் உண்டென்பதைக் கன்னார் நன்கறிவர். தட்டத் தட்ட இறுகும் பித்தளையை இடையிடையே உலையிலிட்டு இளக்கியன்றோ அவர் குடமும் செம்பும் செய்வர்? அவ்வுண்மை துப்பாக்கித் தோட்டாவின் கூட்டிலும் விளங்குமாற்றை ஈண்டு நோக்குவாம்.

தோட்டாக் கூடு நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளையால் ஆயது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் இலக்குச் சுடுவோர் பலர், வெடித்த கூட்டை எறியாது, புதிய மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் வழங்குவர். வெடிக்குந்தோறும் கூட்டின் கழுத்து விரிகின்றது. பின்னர் அதனை அச்சிலிட்டு ஒடுக்குகின்றனர். விரிதலும் ஒடுங்கலும் பன்முறை நிகழ, உலோகத்தின் பளிங்குகள் சிதைந்து கழுத்து இறுகுகின்றது. இறுகிய கழுத்துக் குண்டைச் சீராகப் பற்றாது. ஈற்றில் நீளவாட்டிற் பிளந்துவிடும்.

கழுத்தையும் தோளையும் சில வினாடி தக்கவாறு சூடாக்கின், பழைய பளிங்குகளின் இடத்திற் புதியன தோன்றும், பித்தளை இளகும். சூடு குறையின் பயனில்லை. மிகுமாயின் கழுத்துக் குண்டைப் பற்றும் வலியை இழந்துவிடும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். அடிப்பாகத்தைச் சூடு அணுகவே கூடாது. இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில், வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 50,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் எழுகின்றது. அதனைத் தாங்குதற்கென்றே அடி வன்மையாக ஆக்கப்பட்டுள்ளது. உருக்கைப் போலக் காய்ச்சி நீரில் தோய்த்துப் பித்தளையை வன்மையாக்க இயலாது. அடித்தும் இழுத்தும் அழுத்தியுமே வன்மையாக்கலாம். ஆதலின் இளகிய அடி மீளாது. அத்தகைய கூடு வெடிக்குங்காற் சிதையின், சுடுவோனின் கண்ணுக்கும் உயிருக்குமே கேடாம்.

பதம் பிழைத்த பித்தளைக்கு வரலாற்றிலும் சான்றுண்டு. பிரித்தானியர் ஆண்ட இந்தியாவிலே, மழைக்காலத்திற் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் சுடப்படாமலே பிளந்தன. கூட்டை உருவாக்கியபோது உள்ளே தங்கிய இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமும் கூடியமையே காரணம் என்பதை 1921 ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் விளக்கினர். அளவான சூட்டினால் அவ்விழுவிசையைத் தணித்தலே அதற்குப் பரிகாரமாயிற்று. படைத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம், சூடு காட்டியதன் அடையாளமே.

ஆயின், மீண்டும் வழங்குவோர்க்கு இது தக்க உழைப்போ? ஓரிரு முறை வழங்கிக் கழிக்கும் கூட்டுக்கு வேண்டுவதில்லை. விலையுயர்ந்ததும் கிடைத்தற்கு அரியதுமான கூட்டைப் பன்முறை வழங்குவோர்க்கு மிகத் தக்கதே. ஆனால் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரே அளவான சூடு காட்ட இயலாதவன் அதனைத் தொடாதிருத்தலே நன்று. இளக்க வேண்டிய இடத்தை இளக்கி, வன்மை வேண்டிய இடத்தை வன்மையாகவே விடுதலன்றோ பதமறிதல்!