பழைய முகூர்த்தப் புடவையை என்ன செய்யலாம்?

கேள்வி: என் மாமியாரின் முகூர்த்தப் புடவை, ஐம்பது வருஷத்துக் காஞ்சிப் பட்டு. மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கிறது. கரை மட்டும் இன்னும் மின்னுகிறது. பழைய பட்டு வாங்க வருபவர் நல்ல விலை சொல்கிறார். போட்டுவிடலாமா, எட்டு வயது மகளுக்குப் பாவாடை தைக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் விலை பேசுவது புடவைக்கு அல்ல, சரிகைக்கு. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளியை எடுக்க வழக்கமாகத் துணியை எரித்துவிடுவார்கள். பணம் தேவையென்றால் விற்பதில் தப்பில்லை. ஆனால் கரையின் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டாமல் இன்னும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

நானாக இருந்தால் தைக்கத்தான் பார்ப்பேன். மடிப்பு விழாத இடத்தில் இரு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தாங்கினால் துணி தேறும். சர்ரென்று விட்டால் பட்டு இற்றுவிட்டது. ஊசி போட்ட துளையே கிழிசலாகும்.

தேறுகிற துணியென்றால் பாவாடை முழுக்க மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கச் சொல்லுங்கள். இழுப்பை அதுதான் தாங்க வேண்டும். இடுப்புப் பட்டியும் பருத்தியிலேயே இருக்கட்டும். வளரும் பிள்ளை என்று தையல்காரர் கீழே 'டக்' பிடிப்பார், விடாதீர்கள். பழைய பட்டு மறுபடி மடிப்பில்தான் விடும். உயரத்துக்கான கூடுதல் துணியை மேலே, இடுப்புப் பட்டிக்குள் தள்ளிவிடலாம்.

இற்றுப்போயிருந்தால் கரையை மட்டும் எடுங்கள். இங்கேதான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருந்தால் அது கோர்வை நெசவாக இருக்கலாம். இரண்டும் இழை கோத்துப் பிணைந்திருக்கும். ஒட்ட வெட்டினால் பிணைப்பு பிரிந்துவிடும். உடலில் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி, அதை உள்ளே மடித்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் புடவையில் இரு பக்கமும் கரை இருந்தால் 11 மீட்டர் கிடைக்கும். மகளுக்குப் பாவாடை போக உங்களுக்கு ஒரு துப்பட்டாவுக்கும் வரும்.

பீரோவில் வேறு பட்டு இருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது.