சுவீடிஷ் மொழியில் நிபந்தனை வாக்கியம்

‘மழை பெய்தால் வீட்டிலேயே இருப்பேன்.’ இக்கருத்தைச் சுவீடிஷ் மொழியில் ‘ஒம் டே ரெங்னர், ஸ்டன்னர் யா ஹெம்மா’ என்பர். தமிழில் வினையின் இறுதியில் வரும் ‘ஆல்’ தரும் பொருளை, அங்கே தொடக்கத்தில் நிற்கும் ‘ஒம்’ என்னும் சிறு சொல் தருகிறது.

‘ஒம்’ இல்லாமலும் இதைச் சொல்லலாம். ‘ரெங்னர் டே’ என்று வினையை முதலில் வைத்தாலே போதும். ஆனால், ‘மழை பெய்கிறதா?’ என்று கேட்பதும் இதே இரண்டு சொற்களால்தான்! அடுத்து வருவதைக் கேட்ட பிறகே அது வினாவா, நிபந்தனையா என்பது விளங்கும். அவசரப்பட்டுப் பதில் சொல்லும் புதிய மாணவர் தடுமாறுவது இங்கேதான்.

இதைவிட நுட்பமானது காலம். ‘ஒம் யா ஹாடே டீட்’ என்னும் தொடரில் ‘ஹாடே’ இறந்தகால வினை. பேசுபவரோ இன்றைய நிலையைத்தான் சொல்கிறார்: நேரம் இருந்தால் உதவுவார், இப்போது நேரம் இல்லை. இதைக் கடந்தகாலச் செய்தி என்று எண்ணுபவர், பணிவான மறுப்பு ஒன்றைப் புரிந்துகொள்ளாமலே போய்விடுவார். தமிழருக்கு இது அவ்வளவு விந்தையன்று. ‘நாளை மழை பெய்தால்’ என்பதிலும் ‘பெய்த்’ என்ற இறந்தகால வடிவமே இருக்கிறது.

‘நான் பறவையாக இருந்தால்’ போன்ற கற்பனைகளுக்கு ‘வோரே’ என்ற தனி வடிவம் உண்டு. இத்தகைய வடிவங்கள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. பேச்சு வழக்கில் ‘வோரே’யின் இடத்திலும் ‘வார்’ என்ற சாதாரண இறந்தகாலச் சொல்லே பலமுறை வருகிறது.