முகம் கொடுத்தல்

பாடம் 7 – உரைநடை

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலுள்ள டிரங்குப் பெட்டியிலோ ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கக்கூடும். ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை அம்மா அதற்குள் பத்திரப்படுத்தி வைத்திருப்பார். அவற்றினிடையே பழைய ‘போட்டோ பாஸ்’ ஏதேனும் உள்ளதா என்று கேட்டுப் பாருங்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1976ஆம் ஆண்டு அரசு ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. கணக்கில் சேர்ந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டைகள் வழங்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஜனதா காலனியில் வாழ்ந்த மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டுச் சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர்.

அத்தகைய அட்டை கிடைத்தால், அதிலுள்ள முகத்தைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். பெரும்பாலும் புருவம் நெரிந்திருக்கும், உதடுகள் இறுகியிருக்கும், கண்கள் எதற்கோ அஞ்சுவனபோல விரிந்திருக்கும். வீட்டில் கதை சொல்லிச் சிரிக்கும் தாத்தாவா இவர் என்று நீங்கள் ஐயுறலாம். படம் எடுத்தவர்மீது குற்றமில்லை. வரிசை நீண்டது, நேரம் குறைவு. ஒருவர் நிற்பார், விளக்கு மின்னும், அடுத்தவர் வருவார். அந்தச் சிறு படத்தை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. இந்த நகரில் இன்ன ஆண்டு முதல் வாழ்கிறோம் என்பதற்கு அதுவே பல குடும்பங்களுக்குச் சான்றாக நின்றது. ஆயினும் அது முகத்தை எண்ணியதேயன்றி, முகத்தோடு பேசவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே மும்பையில், முகங்களைப் படம்பிடிக்கும் கலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார் ஓர் இளைஞர். அவர் பெயர் கௌதம் ராஜாத்யக்ஷா. 1950ஆம் ஆண்டு மும்பையில் பிறந்தவர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர். செயின்ட் சேவியர் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பின்னர் விளம்பரத் துறையை நாடி, 1974இல் லிண்டாஸ் என்னும் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு ஒளிப்படப் பிரிவில் பணியாற்றி, அதன் தலைவராகவும் உயர்ந்தார். 1980 முதல் திரைக்கலைஞர்களின் படங்களை எடுக்கத் தொடங்கினார். 1987இல் வேலையைத் துறந்து முழுநேர ஒளிப்படக் கலைஞரானார். ஆடையலங்கார ஒளிப்படத் துறையிலும் திரையுலகிலும் அவர் எடுத்த முகப்படங்கள் நாடறிந்தவை. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் மறைந்தார்.

வேதியியல் படித்தவர் படம் எடுக்க வந்தது பொருந்தாத செயல்போல உங்களுக்குத் தோன்றலாம். அக்காலத்தில் அது மிகப் பொருத்தமே. இன்று உங்கள் கைப்பேசியில் ஒரு நொடியில் பத்துப் படங்கள் விழுகின்றன. அன்றோ ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். சுருளின்மீது பூசப்பட்ட வெள்ளி உப்புகள் ஒளி பட்டு மாற்றமடையும். அம்மாற்றத்தை இருட்டறையில் ஒரு கரைசல் வெளிப்படுத்தும். மற்றொரு கரைசல் நிலைநிறுத்தும். படம் நன்றாக வந்ததா என்பதை அதன்பின்னரே அறியலாம். வந்தவர் வீடு திரும்பியிருப்பார். வாடகைக்கு வாங்கிய ஆடை கடைக்குச் சென்றிருக்கும். ஆகவே விசையை அழுத்தும் முன்பே அனைத்தையும் சிந்தித்து முடிக்க வேண்டியிருந்தது. இந்தக் கட்டாயம் அக்காலக் கலைஞர்களுக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆடையலங்காரப் படம் என்பது ஒருவர் கைவேலை அன்று. ஆடை வடிவமைப்பவர், ஒப்பனையாளர், முடி திருத்துபவர், விளக்குத் தூக்கி நிற்கும் உதவியாளர், இதழின் ஆசிரியர் எனப் பலரும் அதில் பங்கு கொள்கின்றனர். அப்படத்தின் நோக்கமும் வெளிப்படையானது: துணி விற்க வேண்டும், நகை விற்க வேண்டும். ‘இது பகட்டுத்தானே?’ என்று கேட்போர் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நல்ல கலைஞர்கள் அந்த விற்பனைக்கு நடுவிலும் மனிதரைத் தேடினர். கௌதமின் படங்களில் கண்ணை முதலில் ஈர்ப்பது ஆடை அன்று, முகமே. ஒளியை மென்மையாகப் பரவவிட்டு, முகத்தின் கடுமையைத் தணித்து, கண்களில் ஒரு துளி வெளிச்சம் நிற்குமாறு அவர் அமைப்பார்.

அவருடைய உண்மையான கருவி உரையாடல் எனலாம். இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட அவர், வந்தவரோடு பேசிப் பேசியே அவரது இறுக்கத்தைத் தளர்த்துவார். ஒருவரை ஒளிக்கு முன் நிறுத்திப் பாருங்கள். கைகளை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியாமல் போய்விடும். ஆயிரம் படங்களில் தோன்றிய நடிகரும் இதற்கு விலக்கல்லர். திரையில் அவர் வேறொருவராக நடிக்கிறார். இங்கே தாமாக இருக்க வேண்டும். அது நடிப்பைவிடக் கடினம்.

கௌதம் தாம் எடுத்த திரைக்கலைஞர்களின் படங்களையும் அவர்களைப்பற்றித் தாமே எழுதிய குறிப்புகளையும் தொகுத்து நூலாக வெளியிட்டார். நூலின் பெயர் ‘சேஹரே’. மராத்தியும் இந்தியும் நாள்தோறும் கேட்கும் உங்களுக்கு நான் பொருள் கூற வேண்டியதில்லை: முகங்கள். துர்கா கோட்டே முதல் ஐஸ்வர்யா ராய் வரை பல தலைமுறையினர் அதில் இடம்பெற்றனர். 1932இல் வெளிவந்த முதல் மராத்திப் பேசும்படத்தில் நாயகியாக நடித்தவர் துர்கா கோட்டே. கௌதம் படமெடுக்கத் தொடங்கிய காலத்தில் அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். இளமையே அழகு என்று கூவி விற்கும் தொழிலில் இருந்துகொண்டு, முதுமையின் முகத்தையும் அதே மதிப்போடு நூலில் வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

தமிழில் ஓர் அரிய வழக்கு உண்டு. ஒருவரை மதித்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவரோடு மனமொப்பிப் பேசுவதை ‘முகம் கொடுத்துப் பேசுதல்’ என்கிறோம். முகம் மாறி நோக்கினால் விருந்தினர் வாடிவிடுவர் என்பதை உணர்த்த வள்ளுவர் அனிச்ச மலரையே துணைக்கு அழைத்தார். முகவரி என்னும் சொல்லிலும் முகம் இருக்கிறது. ‘படம் எடுத்தேன்’ என்றும் ‘படம் பிடித்தேன்’ என்றும் நாம் சொல்கிறோம். உண்மையில் முகத்தை எடுக்கவோ பிடிக்கவோ இயலாது. நாம் முதலில் முகம் கொடுத்தால், எதிரில் இருப்பவரும் தம் முகத்தைத் தருவார்.

போட்டோ பாஸ் போன்ற அடையாளப் படத்துக்கும் இந்தக் கலைக்கும் வெகு தொலைவு என எண்ண வேண்டா. உலகப் புகழ்பெற்ற ஆடையலங்கார ஒளிப்படக் கலைஞர் ஒருவர் அடையாளப் படங்களிலிருந்தே தம் பயணத்தைத் தொடங்கினார். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் அவெடான். இரண்டாம் உலகப்போரின்போது வணிகக் கப்பற்படையில் சேர்ந்த அவருக்கு, மாலுமிகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் பணி அளிக்கப்பட்டது. ஒருவர்பின் ஒருவராக எண்ணற்ற முகங்கள். போருக்குப்பின் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் புகழ் பெற்றார். 1955இல் பாரிஸ் நகரின் சர்க்கஸ் கூடத்தில், நெடிய மாலையாடை அணிந்த டோவிமா என்னும் பெண்ணை யானைகளுக்கு நடுவே நிறுத்தி அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. சுருக்கம் விழுந்த யானைத் தோலும் வழுவழுப்பான பட்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் பிற்காலத்தில் செய்த பணியே. 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் சுற்றி, சுரங்கத் தொழிலாளர், இறைச்சிக்கூடப் பணியாளர், ஊர் ஊராய் அலைவோர் ஆகியோரை அவர் படமெடுத்தார். அழகிகளை நிறுத்திய அதே வெண்காகிதப் பின்புலத்தின் முன் கரி படிந்த முகங்களை நிறுத்தினார். அவர்களின் பின்னாலிருந்த குடிசையும் சுரங்கமும் மறைந்தன. ஆள் மட்டும் நின்றார். இதனைப் போற்றியோர் பலர். எளியோரைக் காட்சிப்பொருள் ஆக்கினார் என்று கடிந்தோரும் உண்டு. இருசாராரின் கருத்தையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் மும்பையின் குடிசைப் பகுதிகளுக்கும் படம் எடுப்பதற்கென்றே ஆட்கள் வருவது உண்டு. அவர்கள் சாக்கடையையும் தகரக்கூரையையும் சேர்த்து எடுத்துச் செல்வார்கள். படத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைப் பலர் கேட்பதே இல்லை.

இனி நிறத்தைப்பற்றி ஒரு செய்தி. வண்ணப்படங்கள் பரவிய காலத்தில், கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் வெண்ணிறத் தோல் கொண்ட பெண் ஒருவர் இருந்தார். முதலில் அதற்காக நின்ற ஊழியரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ எனப்பட்டது. அவருடைய தோல் சரியாகத் தெரிந்தால் வண்ணம் சரி என்று கொண்டனர். கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. படங்களில் அவை விவரமின்றி இருண்டன. குறை தோலில் இல்லை, அளவுகோலில் இருந்தது. பல்லாண்டுகளுக்குப் பிறகே பல நிறத்தவரும் உள்ள அட்டைகள் வந்தன.

இன்றைய கருவிகளிலும் அதன் நிழல் இருக்கிறது. கருவி, தன்முன் உள்ள காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி ஒளியை அளக்கிறது. வெள்ளைச் சுவரின் முன் ஒரு கறுத்த முகம் நின்றால், சுவரின் வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துக்கொள்கிறது, முகம் இருண்டுவிடுகிறது. கைப்பேசித் திரையில் முகத்தின்மீது விரலை வைத்துத் தொட்டால், அது முகத்துக்கேற்ப ஒளியைக் கணக்கிடும். இதனை அறியாத பலர், முகத்தை வெளுப்பாக்கும் செயலியை நாடுகின்றனர். தோலின் நிறம் போய், மச்சம் போய், பாட்டியின் சாயலும் போய்விடுகிறது. மாணவி ஒருத்தி தன் படத்தை என்னிடம் காட்டியபோது, ‘இது யார்?’ என்று நான் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விலையுயர்ந்த விளக்குகள் உங்களுக்குத் தேவையில்லை. நெருக்கமான சந்துகளில் உள்ள வீடுகளில் ஒளி பெரும்பாலும் வாசல் வழியாகவே நுழைகிறது. பக்கவாட்டிலிருந்து மென்மையாக வரும் அவ்வொளியைப்போல ஒன்றை உண்டாக்கத்தான் ஸ்டூடியோக்களில் விளக்கின்முன் வெண்துணி கட்டுகிறார்கள். படம் எடுக்கப்பட வேண்டியவரை வாசலருகே, வெயில் நேராகப் படாத இடத்தில் அமர்த்துங்கள். முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தால், தாத்தாவின் வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடியுங்கள். வாசல் ஒளி அதில் பட்டுத் திரும்பி, முகத்தின் இருண்ட பக்கத்தையும் துலக்கும்.

சொல்லும் பொருளும்

ஐயுறுதல் – சந்தேகப்படுதல். நெரிந்த – சுருங்கிய. பகட்டு – வெளிமினுக்கு. மனமொப்பி – மனம் இசைந்து. துலக்குதல் – தெளிவாக்குதல்.

மொழிப்பயிற்சி

முகம் சுளித்தல், முகம் திருப்புதல், முகமலர்ச்சி, முகத்தில் அடித்தாற்போல் – இவ்வழக்குகளை உங்கள் வீட்டில் எவர், எப்போது பயன்படுத்துகிறார் என்று கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்து எழுதுக.

எண்ணி எழுதுக

1. போட்டோ பாஸில் உள்ள முகத்துக்கும் வீட்டில் நீங்கள் காணும் முகத்துக்கும் வேறுபாடு தோன்றக் காரணங்கள் யாவை?

2. அவெடானின் வெண்காகிதப் பின்புலம் தொழிலாளரை மதித்ததா, தனிமைப்படுத்தியதா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

செயல்

உங்கள் வீட்டிலோ சந்திலோ உள்ள முதியவர் ஒருவரிடம் இசைவு கேளுங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பிறந்த ஊரைப்பற்றியும் மும்பைக்கு வந்த நாளைப்பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள். அதன்பின் மூன்று படங்கள் மட்டும் எடுங்கள். அவற்றை அவரிடமே காட்டி, எது தம்முடைய முகம் என்று அவர் சொல்கிறாரோ அதனை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட்டு, அவை ஏன் வேண்டா என்று அவர் கூறிய காரணத்தை அவர் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.